பெருவெடிப்பைச் சந்தேகிப்பது எப்படி?

கொசுத்தொல்லை, கிரிக்கெட், விடுதிச் சாம்பார் என்று எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று பிரபஞ்சத்துக்குத் தாவிவிட்டானே என்று பயப்படாதீர்கள். காரணம் இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு சின்னத் தகவல்.

"பிக் பேங்" என்ற பெயரை வைத்தது அந்தக் கொள்கையை உருவாக்கியவர் இல்லை. அதைச் சாகும்வரை ஏற்றுக்கொள்ளாத ஒருவர். 1949 மார்ச் 28 அன்று பிபிசி வானொலியில் பேசிய பிரெட் ஹாயில் என்ற கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி, தான் ஒப்புக்கொள்ளாத கருத்தை விளக்கும்போது பயன்படுத்திய வார்த்தை அது. கிண்டலுக்குத்தான் சொன்னார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். இல்லை, கேட்பவர்கள் மனதில் ஒரு படம் வரவேண்டும் என்றுதான் சொன்னேன் என்பது அவர் கட்சி. எப்படியோ, எதிரி வைத்த பெயரே நிலைத்துவிட்டது. நம் ஊரில் பள்ளிக்கூடத்தில் எவனோ வைத்த பட்டப்பெயர் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் கூட வருமே, அந்த மாதிரி :-)

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெருவெடிப்புக் கொள்கையை யாரும் எதிர்த்ததே இல்லை, எதிர்த்தவர்களை உள்ளே விட்டதே இல்லை என்று ஒரு பேச்சு இப்போது சுற்றிக்கொண்டிருக்கிறது. பெயரே எதிர்ப்பாளர் கொடுத்தது என்றால் அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் நிற்கும்?

சரி, மேட்டருக்கு வருகிறேன்.

என் அறைத்தோழன் கெமிஸ்ட்ரி படிக்கிறான், நான் பிசிக்ஸ். ஒருநாள் ராத்திரி மொபைலை நீட்டினான். "மச்சி, பிக் பேங் பொய்யாம்டா. புது டெலஸ்கோப் காட்டிருச்சாம். சயின்டிஸ்ட் எல்லாம் பயந்துபோய் இருக்காங்களாம்." ஒரு வீடியோ. பின்னணியில் பயங்கரமான இசை, நடுவில் ஜேம்ஸ் வெப் எடுத்த அழகான படங்கள். முழுக்கப் பார்த்தேன். சில விஷயம் உண்மை, சில விஷயம் பாதி உண்மை, மீதி சுத்த ரீல். சிரித்துவிட்டுப் படுத்திருப்பேன். ஆனால் அவன் அடுத்துச் சொன்னதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. "இவ்ளோ பெரிய விஷயத்துலயே ஏமாத்தறாங்கன்னா, மத்ததுல எவ்ளோ ஏமாத்துவாங்க?" அதே சேனலின் அடுத்த வீடியோ சர்க்கரை மாத்திரை ஒரு மோசடி என்பது பற்றி. அவனுடைய அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது.

அன்றைக்குத்தான் புரிந்தது. 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் என்ன நடந்தது என்பது நம் வீட்டுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் இல்லை. எதைச் சந்தேகிப்பது, எப்படிச் சந்தேகிப்பது என்ற பழக்கம் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "சார், பெருவெடிப்புக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள். "எக்ஸாமுக்கு வராதும்மா, உட்காரு" என்று பதில் வந்தது. அந்த வீடியோவை எடுத்தவரும் இந்த ஆசிரியரும் எதிரெதிர்க் கட்சி மாதிரித் தெரியலாம். என்னைக் கேட்டால் இருவரும் ஒரே கட்சி. ஒருவர் யோசிக்காமல் மறுக்கச் சொல்கிறார், இன்னொருவர் யோசிக்காமல் ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்.

கொள்கை என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை?

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்வோம். "ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு புள்ளி டமால் என்று வெடித்தது" என்று கொள்கை சொல்லவில்லை. பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறது, அதனால் முன்பு இதைவிட அடர்த்தியாகவும் சூடாகவும் இருந்தது, சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மிக மிக அடர்த்தியாக, மிக மிகச் சூடாக இருந்தது. இதுதான் கொள்கையின் உடம்பு. அந்தக் கடைசிக் கணத்துக்கும் அப்பால் போனால் நம்மிடம் இருக்கும் சமன்பாடுகள் கையை விரித்துவிடுகின்றன. எனவே அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில், "இன்றைக்கு யாருக்கும் தெரியாது" என்பதுதான். அதைச் சொல்ல எத்தனை விநாடி ஆகும்? சேர்ந்தாற்போல் நாலு விநாடி.

இதை முதலில் சொன்னவர்களில் ஒருவர் ரஷ்யாவின் அலெக்சாண்டர் பிரீட்மன், 1922இல், வெறும் கணக்காக. இன்னொருவர் பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமேத்ர், 1927இல். லெமேத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். அதே ஆண்டு ஐன்ஸ்டைனைச் சந்தித்தபோது, கணக்கு சரி, ஆனால் இயற்பியல் சகிக்கவில்லை என்கிற மாதிரி ஐன்ஸ்டைன் சொன்னாராம். ஆக, முதல் சந்தேகப் பேர்வழி சாதாரண ஆளில்லை. 1929இல் எட்வின் ஹபிள் தூரத்துக் கேலக்ஸிகள் வேகமாக விலகிப் போகின்றன என்று அளந்து காட்டினார். 1931இல் லெமேத்ர் "ஆதி அணு" என்ற கருத்தை வெளியிட்டார்.

பாதிரியார் சொன்னதாலேயே பலருக்குச் சந்தேகம். இது படைப்புக் கதையைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவருகிற வேலையோ என்று. 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், விஞ்ஞானமே படைப்பை ஒப்புக்கொண்டுவிட்டது என்கிற தொனியில் பேசியபோது அதை விரும்பாதவர்களில் முதல் ஆள் யார் தெரியுமா? லெமேத்ரேதான். என் கணக்கை மதத்தோடு கலக்காதீர்கள் என்பது அவர் நிலை.

முதல் பெரிய அடி: பிள்ளைக்கு வயது அதிகம்

இனி சந்தேகங்களுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்தது இந்த முதல் சந்தேகம். ஏனென்றால் இதை நாமே கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம்.

ஹபிள் கண்ட விதி எளிமையானது. ஒரு மெகாபார்செக் தூரத்துக்கு (அதாவது சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) ஒரு கேலக்ஸி நொடிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகத்தில் விலகுகிறது என்று ஓர் எண். அந்த எண் தெரிந்தால், எல்லாம் எப்போது ஒன்றாக இருந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம். சுருக்கு வழி: 978ஐ அந்த எண்ணால் வகுங்கள். வருகிற விடையை நூறு கோடி ஆண்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோராயமான வயது கிடைத்துவிடும்.

1929இல் ஹபிள் சொன்ன எண் ஏறக்குறைய 500. வகுத்தேன். 1.96 வந்தது. அதாவது பிரபஞ்சத்தின் வயது சுமார் 200 கோடி ஆண்டு. பிரச்சினை என்னவென்றால், பூமியின் பாறைகளே அதைவிட வயதானவை என்று கதிரியக்க அளவீடுகள் சொல்ல ஆரம்பித்துவிட்டன. 1956இல் கிளேர் பேட்டர்சன் பூமிக்கு 455 கோடி ஆண்டு என்று துல்லியமாகவே சொல்லிவிட்டார். அப்பாவைவிடப் பிள்ளைக்கு வயது அதிகம்! இதைப் பார்த்துவிட்டு, பெருவெடிப்பே தப்பு என்று அந்தக் காலத்தில் ஒருவர் சொல்லியிருந்தால் அவரை முட்டாள் என்று சொல்ல முடியுமா? முடியாது. அது உண்மையான ஓட்டை.

ஓட்டை எப்படி அடைந்தது? 1952இல் வால்ட்டர் பாடே, தூரத்தை அளக்கப் பயன்படுத்திய சீஃபைட் விண்மீன்களில் இரண்டு ரகம் இருப்பதைக் காட்டினார். இரண்டையும் ஒன்றென்று நினைத்து அளந்துவிட்டார்கள். தூரம் எல்லாம் இரட்டிப்பானது, வயதும் இரட்டிப்பானது. அப்போதும் போதவில்லை. 1958இல் ஆலன் சாண்டேஜ் இன்னும் பல பிழைகளைக் களைந்து 75 என்ற எண்ணைச் சொன்னார். 978ஐ 75ஆல் வகுங்கள். 13. அதாவது 1,300 கோடி. பூமி நிம்மதியாக உள்ளே உட்கார்ந்துவிட்டது.

கவனித்தீர்களா? கொள்கையைக் காப்பாற்ற யாரும் பாறைகளின் வயதைக் குறைக்கவில்லை. அளவுகோல் தவறு என்று தனியாக, வேறு ஆதாரத்தோடு நிரூபித்தார்கள்.

நம் நாட்டு எதிர்க்கட்சித் தலைவர்

இடையில், 1948இல், ஹாயிலும் ஹெர்மன் பாண்டியும் தாமஸ் கோல்டும் ஒரு மாற்றுக் கொள்கையைக் கொண்டுவந்தார்கள். நிலைத்த பிரபஞ்சம். விரிவு உண்டு, ஆனால் ஆரம்பம் கிடையாது. விரிகிற இடைவெளியில் புதுசாகப் பொருள் தோன்றிக்கொண்டே இருக்கும். அதெப்படிச் சும்மா தோன்றும் என்று கேட்காதீர்கள். ஒரு வகுப்பறை அளவு இடத்தில் பல லட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓர் அணு தோன்றினால் போதும். எல்லாப் பொருளும் ஒரே கணத்தில் வந்தது என்பதை நம்புகிறவர்கள் இதற்கு ஏன் முகம் சுளிக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

இந்தக் கொள்கையின் பெரிய அழகு, அது தைரியமாகத் தலையை நீட்டியது. எந்தக் காலத்திலும் பிரபஞ்சம் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று அடித்துச் சொன்னது. அப்படியானால் தூரத்தில், அதாவது பழங்காலத்தில், வேறு மாதிரி ஏதாவது தெரிந்தால் கதை முடிந்தது. கேம்பிரிட்ஜிலேயே இருந்த மார்ட்டின் ரைல் ரேடியோ மூலங்களை எண்ணிப் பார்த்து, தூரத்தில் அதிகம் இருக்கின்றன என்றார். ஹாயில் ஒத்துக்கொள்ளவில்லை. 1961இல் இந்தச் சண்டை ராயல் வானியல் கழகக் கூட்டத்துக்கு வந்தது. ஹாயிலால் அன்று வர முடியாத நிலை. அவர் பக்கத்து வாதத்தை எடுத்துவைத்தது அவருடைய ஆராய்ச்சி மாணவர், 22 வயது இளைஞர். கோலாப்பூரில் பிறந்த ஜயந்த் நர்லிகர்.

இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. 22 வயது! என்னைவிட இரண்டு வயது அதிகம். நான் உள் மதிப்பீட்டு வைவாவில் பெயரைச் சொல்லவே திணறுகிற ஆள் :-(

நர்லிகர் 1972இல் இந்தியா திரும்பினார். 1988இல் புனேயில் ஐயூகா என்ற வானியல் மையத்தை உருவாக்கினார். 1993இல் ஹாயில், ஜெஃப்ரி பர்பிட்ஜ் இருவரோடும் சேர்ந்து, பழைய கொள்கையைத் திருத்தி ஒரு புதிய மாதிரியைக் கொண்டுவந்தார். பிரபஞ்சம் விரிந்து சுருங்கி ஊசலாடிக்கொண்டே நீண்ட காலத்தில் வளர்கிறது என்பது அதன் சாரம். 2025 மே மாதம் இறக்கும்வரை, பெருவெடிப்பைக் கேள்வி கேட்பதை அவர் நிறுத்தவில்லை. அவரை யாரும் வெளியே தள்ளவில்லை. பத்ம விபூஷண் விருதே கொடுத்தார்கள்.

1965: இரைச்சலில் கிடைத்த சாட்சி

நிலைத்த பிரபஞ்சத்துக்குப் பலமான அடி 1965இல் விழுந்தது. பெல் ஆய்வகத்தின் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் இருவருக்கும் நியூ ஜெர்ஸியில் இருந்த ஒரு பெரிய கொம்பு ஆன்டெனாவில் தீராத இரைச்சல். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே அளவு. உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களைத் துரத்தினார்கள், எச்சத்தைக் கழுவினார்கள். இரைச்சல் போகவில்லை. அது ஆதிகாலத்துச் சூட்டின் மிச்சம் என்று பிறகு தெரிந்தது, சுமார் 3 கெல்வின். இப்படி ஒன்று இருக்கும், 5 கெல்வின் அளவில் இருக்கும் என்று 1948இலேயே ரால்ப் ஆல்ஃபர், ராபர்ட் ஹெர்மன் இருவரும் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். பாட்டி வீட்டில் பழைய பெட்டி டிவியில் சேனல் இல்லாத இடத்தில் புள்ளி புள்ளியாகக் கொதிக்குமே, அதில் ஒரு சின்னப் பங்கு இந்த ஆதிச் சூடுதான்.

1966இல் இறப்பதற்குக் கொஞ்சம் முன்பு லெமேத்ர் இந்தச் செய்தியைக் கேட்டார். எனக்கு என்னவோ அதில் ஒரு சந்தோஷம்.

சந்தேகக்காரர்கள் சும்மா விட்டார்களா? இல்லை. இது விண்மீன் ஒளியே தூசியில் பட்டு மங்கி வந்ததாக இருக்கலாமே என்றார்கள். விண்வெளியில் மெல்லிய இரும்பு இழைகள் மிதந்து அந்த வேலையைச் செய்கின்றன என்று நர்லிகர் குழு வாதிட்டது. நல்ல கேள்வி. பதில் தேட வேண்டும். 1989இல் அனுப்பிய கோப் செயற்கைக்கோள் அந்தக் கதிர்வீச்சை அளந்தபோது, அது பாடப்புத்தகத்தில் வரைகிற கரும்பொருள் வளைகோட்டின் மேல் அச்சு மாறாமல் உட்கார்ந்தது. 1992இல் அதில் லட்சத்தில் ஒரு பங்கு அளவில் ஏற்ற இறக்கம் இருப்பதையும் காட்டியது. அதற்குப் பின்னால் வந்த பிளாங்க் செயற்கைக்கோள் அந்த ஏற்ற இறக்கத்தின் கோலத்தை இன்னும் நுணுக்கமாக அளந்தது. இரும்பு இழைகளைக் கொண்டு அந்தக் கோலத்தை அதே துல்லியத்தில் போட யாராலும் முடியவில்லை.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிரபஞ்சம் முன்பு சூடாக இருந்தது என்றால், பழங்காலத்துச் சூட்டை நேரடியாக அளக்க முடியுமா? முடியும். தூரத்துக் குவேசாரின் ஒளி நடுவழியில் ஒரு வாயு மேகத்தைக் கடந்து வருகிறது. அந்த மேகத்தில் உள்ள கார்பன் அணுக்கள் தாங்கள் இருந்த சூட்டுக்கு ஏற்ப ஒளியில் ஓர் அடையாளத்தை விட்டுவைக்கும். 2000ஆம் ஆண்டு சிலியில் உள்ள பெரிய தொலைநோக்கியின் தரவைக் கொண்டு ஒரு குழு இதை அளந்தது. சுமார் 1,100 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மேகம் அது. பெருவெடிப்புக் கணக்குப்படி அங்கே 9.1 கெல்வின் இருக்க வேண்டும். அளவீடு 6க்கும் 14க்கும் நடுவில் என்றது. 2008இல் இன்னொரு மேகத்தில் இன்னும் துல்லியமாக அளந்தார்கள். எதிர்பார்த்தது 9.3, கிடைத்தது 9.15, பிழை வரம்பு 0.7. இரண்டிலும் முக்கியப் பங்கு வகித்தவர் ரகுநாதன் ஸ்ரீஆனந்த். அவர் வேலை பார்த்த இடம்? புனே ஐயூகா. நர்லிகர் கட்டிய அதே ஐயூகா!

ஒன்றை நியாயமாகச் சொல்லவேண்டும். நர்லிகரின் 1993 மாதிரியிலும் நாம் இருப்பது விரிவுக் கட்டம்தான், எனவே அது இந்த ஒரு சோதனையில் மாட்டிக்கொள்ளாது. மாட்டிக்கொள்வது 1948இன் பழைய கொள்கையும், "ஒளி வழியில் களைத்துப்போவதால்தான் சிவக்கிறது" என்ற பழைய வாதமும்தான். ஆனாலும், ஒரு சந்தேகக்காரர் கட்டிய வீட்டிலிருந்தே பிரபஞ்சம் முன்பு சூடாகத்தான் இருந்தது என்று ஓர் ஆதாரம் வெளியே வருகிறது, யாரும் அதைத் தடுக்கவில்லை. "எல்லோரும் கூட்டுச் சேர்ந்து மறைக்கிறார்கள்" என்று சொல்கிறவர்கள் இதை எங்கே வைப்பார்கள்?

களைத்துப்போன ஒளி

ஒளி களைத்துப்போகும் கதை 1929இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி சொன்னது. இன்றைக்கும் வீடியோக்களில் இதுதான் நாயகன். இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. விண்மீன் வெடிப்புகளில் ஒரு குறிப்பிட்ட ரகம், ஏறக்குறைய ஒரே நாள் கணக்கில் ஒளிர்ந்து மங்கும். பிரபஞ்சம் விரிகிறது என்றால் தூரத்து வெடிப்பு நமக்கு மெதுவாக ஓடும் படம் போலத் தெரியவேண்டும். ஒளி களைத்துத்தான் போகிறது என்றால் நிறம் சிவக்கும், ஆனால் படம் மெதுவாகாது. 2024இல் 1,504 வெடிப்புகளை வைத்துப் பார்த்தார்கள். விரிவுக் கணக்கு எவ்வளவு மெதுவாக்கச் சொல்கிறதோ, சரியாக அவ்வளவு மெதுவாக ஓடுகின்றன. ஸ்விக்கியின் கேள்வி மோசமான கேள்வி இல்லை. பதில் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஹால்டன் ஆர்ப்பின் கதை

சந்தேகக்காரர்களை எப்போதுமே நன்றாக நடத்தினார்கள் என்று சொன்னால் அதுவும் பொய். ஹால்டன் ஆர்ப் சிறந்த வானியலாளர். 1966இல் அவர் வெளியிட்ட விசித்திரக் கேலக்ஸிகளின் தொகுப்பு இன்றும் பயன்படுகிறது. என்ஜிசி 4319 என்ற கேலக்ஸிக்குப் பக்கத்திலேயே ஒட்டினாற்போல மார்க்கேரியன் 205 என்ற குவேசார் தெரியும். செம்பெயர்ச்சிக் கணக்குப்படி முன்னது 8 கோடி ஒளியாண்டு தூரம், பின்னது 100 கோடி. ஆனால் இரண்டையும் இணைக்கிற பாலம் தெரிகிறது, எனவே செம்பெயர்ச்சியை வைத்துத் தூரம் சொல்வதே தப்பு என்றார் ஆர்ப். 1980களின் தொடக்கத்தில் அவருக்குக் கலிபோர்னியாவின் பெரிய தொலைநோக்கியில் நேரம் கொடுப்பதை நிறுத்தினார்கள். அவர் ஜெர்மனிக்குப் போய்விட்டார், 2013இல் அங்கேயே இறந்தார்.

நேரத்தை நிறுத்தியது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அது ஆர்ப் சொன்னதைச் சரியாக்கிவிடாது. 1992இல் ஹபிள் தொலைநோக்கி, அந்தக் குவேசாரின் ஒளியில் என்ஜிசி 4319இன் வாயு விட்ட தடத்தைக் கண்டது. அதாவது குவேசார் பின்னால் இருக்கிறது, அதன் ஒளி கேலக்ஸி வழியாக வருகிறது. ஒருவரை மோசமாக நடத்தினார்கள் என்பதும், அவர் சொன்னது தவறு என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். இது புரிந்தால் பாதி சதிக் கதைகள் உதிர்ந்துவிடும்.

அந்த வீடியோவின் மூலம்

2004 மே மாதம் நியூ சயின்டிஸ்ட் இதழில் ஒரு பகிரங்கக் கடிதம் வந்தது. எரிக் லெர்னர் உள்ளிட்ட பலர் கையெழுத்து. பாண்டி, கோல்ட், நர்லிகர், ஆர்ப் எல்லோரும் அதில் உண்டு. இருண்ட பொருள், இருண்ட ஆற்றல் என்று ஒட்டுப்போட்டுக்கொண்டே போகிறீர்கள், நிதியெல்லாம் ஒரே பக்கம் போகிறது என்பது குற்றச்சாட்டு. நிதி பற்றிய பாதி யோசிக்க வேண்டியதுதான்.

2022 ஆகஸ்டில் அதே லெர்னர், ஜேம்ஸ் வெப்பின் முதல் படங்கள் வந்த கையோடு, பெருவெடிப்பு நடக்கவில்லை என்று ஒரு கட்டுரை எழுதினார். விஞ்ஞானிகள் பீதியில் இருக்கிறார்கள் என்றார். ஆதாரம், ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் இருந்த "பீதி" என்ற சொல். அது ஒரு ராக் இசைக்குழுவின் பெயரை வைத்துச் செய்த சிலேடை! நம் ஆள் ஒருவர் ஆய்வுக்கு ரஜினி பட வசனத்தைத் தலைப்பாக வைத்தால், விஞ்ஞானி வில்லனைச் சவாலுக்கு இழுக்கிறார் என்று செய்தி போட்ட மாதிரி. ராத்திரி மூணு மணிக்கு விழித்துக்கொண்டு நான் செய்ததெல்லாம் தப்போ என்று யோசிக்கிறேன் என ஓர் அமெரிக்க வானியலாளர் சொன்னதையும் எடுத்துக்கொண்டார். அவர் பேசியது கேலக்ஸிகள் எப்படி உருவாகின என்பது பற்றி. பெருவெடிப்பைப் பற்றி நான் சொல்லவே இல்லை என்று அவரே மறுத்தார். என் தோழன் காட்டிய வீடியோவில் இரண்டும் அப்படியே இருந்தன.

ஆனால் பாதி உண்மை என்றேனே, அது என்ன? ஜேம்ஸ் வெப் நிஜமாகவே ஆச்சரியம் தந்தது. பெருவெடிப்புக்குப் பின் 30 கோடி ஆண்டுகூட ஆகாத காலத்தில் பிரகாசமான கேலக்ஸிகள் இருக்கின்றன. இவ்வளவு சீக்கிரம் எப்படி வளர்ந்தன என்பது நிஜமான கேள்வி. ஆனால் இது குழந்தை எதிர்பார்த்ததைவிட வேகமாக வளர்ந்துவிட்டதே என்ற கேள்வி. குழந்தை பிறக்கவே இல்லை என்பதற்கு இது எப்படி ஆதாரமாகும்?

இன்றைக்கும் உயிரோடிருக்கும் சந்தேகங்கள்

மூன்று ராத்திரி இதையெல்லாம் அவனிடம் பேசினேன். அவனுக்கு நான் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லவில்லை. சொன்னால் அதுதான் பொய். உண்மையில் உதைக்கிற இடங்கள் இவை.

விரிவு வேகம். ஆதிக் கதிர்வீச்சை வைத்துக் கணக்கிட்டால் 67.4. பக்கத்து விண்மீன்களையும் வெடிப்புகளையும் வைத்து அளந்தால், ஒரு பெரிய குழுவின் கணக்கில், 73. எட்டு சதவீத வித்தியாசம். அளவுகோல் பிழையா, புது இயற்பியலா என்று இன்னும் சண்டை. ஆனால் ஒன்று, 500க்கும் 75க்கும் நடுவில் ஆரம்பித்த சண்டை இன்று எட்டு சதவீதத்துக்கு வந்திருக்கிறது.

லித்தியம். முதல் சில நிமிடங்களில் உருவாகியிருக்க வேண்டிய லித்தியத்தில் மூன்றில் ஒரு பங்குதான் பழைய விண்மீன்களில் தெரிகிறது. ஹீலியம் கணக்கு அழகாகப் பொருந்துகிறது, லித்தியம் உதைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இந்த ஆதி அணுக்கருக் கணக்கை 1967இல் விரிவாகப் போட்ட மூவரில் ஒருவர் ஹாயில்! எதிர்க்கிற கொள்கைக்கே கணக்குப் போட்டுக் கொடுத்த மனிதர்.

திடீர் வீக்கம். முதல் கணத்தில் பிரபஞ்சம் கண்மூடித்தனமாக வீங்கியது என்று 1980களில் ஆலன் கூத் முதலானோர் கொண்டுவந்த கருத்து. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான பால் ஸ்டைன்ஹார்ட்டே இன்று அதன் கடுமையான விமர்சகர். 2014இல் அதற்கு நேரடி ஆதாரம் கிடைத்துவிட்டது என்று ஒரு குழு அறிவித்தது. அடுத்த ஆண்டே அது நம் கேலக்ஸியின் தூசி என்று தெரிந்தது.

இருண்ட ஆற்றல். அது மாறாத ஒன்று என்று வைத்திருந்தார்கள். 2025 மார்ச்சில் வந்த டெசி ஆய்வு முடிவுகள், அது காலப்போக்கில் வலுவிழக்கிறதோ என்று கைகாட்டுகின்றன. இன்னும் உறுதியாகவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னான், "சரிடா, விரியுது, சூடா இருந்துச்சு, ஒத்துக்கறேன். ஆனா அந்த லித்தியம் மேட்டர் என்னன்னு பாக்கணும்." கெமிஸ்ட்ரிக்காரன் அல்லவா! இப்போது இது உருப்படியான சந்தேகம். அவன் அம்மா மாத்திரையை நிறுத்தவில்லை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

யாராவது வந்து "எல்லாம் பொய்" என்றால்

நான் இப்போது மூன்று கேள்வி கேட்கிறேன். ஒன்று, நீங்கள் சந்தேகிப்பது கொள்கையின் எந்தப் பகுதியை? விரிவையா, சூட்டையா, முதல் கணத்தையா? மூன்றுக்கும் ஆதாரத்தின் பலம் வேறு வேறு. இரண்டு, உங்கள் மாற்றுக் கருத்து ஏற்கெனவே அளந்த எண்களைத் திருப்பித் தருகிறதா? 2.725 கெல்வின், கால் பங்கு ஹீலியம், மெதுவாக ஓடும் வெடிப்புகள், எல்லாவற்றையும்? மூன்று, என்ன கண்டுபிடித்தால் நீங்கள் உங்கள் கருத்தைக் கைவிடுவீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு ஹாயிலின் கொள்கையிடம் பதில் இருந்தது. அதனால்தான் அது தோற்றபோதும் மரியாதையாகத் தோற்றது. அந்த வீடியோவிடம் பதில் இல்லை. நியாயமாக இதே கேள்வியை நம் பக்கமும் கேட்கவேண்டும். நாளைக்கே 1,100 கோடி ஆண்டுக்கு முந்தைய ஒரு மேகத்தில் சூடு 2.7 கெல்வின் என்று யாராவது திரும்பத் திரும்ப அளந்து காட்டட்டும், நான் கட்சி மாறத் தயார்.

நீங்கள் பெருவெடிப்பை ஒப்புக்கொள்கிறவரா, மறுக்கிறவரா? எதுவானாலும் சொல்லுங்கள். ஆனால் கூடவே அந்த மூன்றாவது கேள்விக்குப் பதிலையும் எழுதுங்கள். சண்டை போடுவோம், நன்றாகவே போடுவோம்.

பி.கு: "அப்போ அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: எனக்கும் தெரியாது. ஆனால் உட்காரச் சொல்லமாட்டேன் :-)